சம்மன், கிராண்ட், லைசன்ஸ்: நார்மன் படையெடுப்பு புக்கிட் மெர்தாஜாம் வரை வந்தது எப்படி?

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து கிழக்கே கார் எடுத்தால் அரை மணி நேரத்துக்குள் கூலிம் வந்துவிடும். வேலைக்காகத் தினமும் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய் வருபவர்கள் நிறைய பேர். வழியில் நீங்கள் ஒரு மாநில எல்லையைக் கடக்கிறீர்கள். அந்தப் பக்கம் கெடா. அங்கே சுல்தான் இருக்கிறார். இந்தப் பக்கம் பினாங்கு. இங்கே சுல்தான் கிடையாது, ஆளுநர்தான்.

மண் ஒன்றுதான், மழை ஒன்றுதான், பேசும் மலாய்கூட ஏறக்குறைய ஒன்றுதான். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

இதற்கான பதில் 1800-ல் எழுதப்பட்ட ஓர் ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆனால் அதைப் புரிந்துகொள்ள, அதற்கும் 734 ஆண்டுகளுக்கு முன்னால் இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆட்சி மாற்றத்தைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். "எங்கேயோ நடந்த கதை நமக்கு எதுக்கு?" என்று கேட்கிறீர்களா? உங்கள் காரின் கிராண்ட், போக்குவரத்து சம்மன், ஓட்டுநர் லைசன்ஸ் மூன்றையும் எடுத்து மேசையில் வையுங்கள். அந்த மூன்று சொற்களும் அங்கிருந்து வந்தவைதான்.

1066-ல் என்ன நடந்தது?

அப்போது இங்கிலாந்தை ஆண்டவர்கள் ஆங்கிலோ-சாக்சன்கள். 1066 ஜனவரியில் மன்னர் எட்வர்ட் வாரிசு இல்லாமல் இறந்தார். மறுநாளே ஹரோல்ட் முடிசூடிக்கொண்டார். கடலுக்கு அந்தப் பக்கம், இன்றைய பிரான்சின் வடக்கில் உள்ள நார்மண்டியின் கோமகன் வில்லியம் இதை ஏற்கவில்லை. "எட்வர்ட் தமக்குப் பிறகு அரியணை எனக்குத்தான் என்று வாக்குக் கொடுத்தார்" என்பது அவர் வாதம்.

அக்டோபர் 14-ஆம் தேதி ஹேஸ்டிங்ஸ் என்ற இடத்தில் போர். ஒரே நாளில் முடிந்தது. ஹரோல்ட் கொல்லப்பட்டார். டிசம்பர் 25-ஆம் தேதி வில்லியம் லண்டனில் முடிசூடினார்.

பள்ளிப் பாடம் பெரும்பாலும் இதோடு நின்றுவிடும். ஆனால் உண்மையான மாற்றம் இதற்குப் பிறகுதான் தொடங்கியது.

வில்லியம் நாட்டின் நிலம் முழுவதும் மன்னருடையது என்ற அடிப்படையில் ஆண்டார். மற்ற எல்லாரும் அவரிடமிருந்து அதை "வைத்திருப்பவர்கள்", அவ்வளவுதான். எதிர்த்த சாக்சன் பிரபுக்களின் நிலத்தைப் பிடுங்கித் தம்முடன் வந்த நார்மன் வீரர்களுக்குக் கொடுத்தார். வடக்கே கிளர்ச்சி வந்தபோது, 1069-70 குளிர்காலத்தில் ஊர்களும் தானியமும் எரிக்கப்பட்டன. பட்டினியில் மக்கள் மடிந்தார்கள்.

1086-ல் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. 13,000-க்கும் மேற்பட்ட ஊர்கள் அதில் பதிவாகின. இந்த நிலம் எட்வர்ட் காலத்தில் யாரிடம் இருந்தது? இப்போது யாரிடம் இருக்கிறது? எத்தனை ஏர், எத்தனை ஆலை? எல்லாம் லத்தீன் மொழியில் எழுதப்பட்டது. மக்கள் அதற்கு "டூம்ஸ்டே" என்று பெயர் வைத்தார்கள். இறுதித் தீர்ப்பு நாள் என்று பொருள். அதில் எழுதியதை மாற்ற முடியாது, மேல்முறையீடும் கிடையாது.

அந்தப் பதிவேட்டைப் புரட்டினால் என்ன தெரிகிறது? 20 ஆண்டுகளில் இங்கிலாந்தின் பெருநிலக்காரர்கள் கிட்டத்தட்ட அத்தனை பேரும் மாறிவிட்டார்கள். சாக்சன் பெயர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அதே நூற்றாண்டில் நம்ம பக்கம்

இங்கே ஒரு தேதியைக் கவனியுங்கள். ஹேஸ்டிங்ஸ் போருக்கு 41 ஆண்டுகளுக்கு முன்னால், 1025-ல், முதலாம் ராஜேந்திர சோழனின் கடற்படை கடாரத்தைத் தாக்கியது. கடாரம் என்பது இன்றைய கெடா. புக்கிட் மெர்தாஜாம் உள்ள இந்த நிலப்பரப்பும் அந்தப் பழைய கெடாவின் வட்டாரம்தான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு அந்த வெற்றியைப் பட்டியல் போட்டுச் சொல்கிறது. 1068 வாக்கில் வீரராஜேந்திர சோழன் மறுபடியும் கடாரத்தை வென்றதாகவும், அதை அதன் மன்னரிடமே திருப்பிக் கொடுத்ததாகவும் இன்னொரு கல்வெட்டு சொல்கிறது. வில்லியம் இங்கிலாந்தில் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள்!

ஒரே நூற்றாண்டு, கடல் தாண்டி வந்த இரண்டு படைகள். சோழர்கள் வென்றார்கள், திரும்பிப் போனார்கள். கெடாவின் ஒவ்வொரு வயலும் யார் பெயரில் இருக்கிறது என்று அவர்கள் கணக்கெடுக்கவில்லை. நார்மன்கள் வென்றார்கள், தங்கினார்கள், எழுதி வைத்தார்கள். கடாரம் வென்ற கதை நமக்குப் பெருமைதான். ஆனால் இந்த ஊரின் நிலச் சட்டத்தில் அதன் தடம் இல்லை. நார்மன்களின் தடம் இருக்கிறது.

இந்த மண்ணின் எழுத்து வரலாறு அதையும்விடப் பழையது. புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னாள் தேவாலய வளாகத்தில் உள்ள செரோக் தோக்குன் பாறையைப் பார்த்திருப்பீர்கள். ஜூலை மாதத் திருவிழாவுக்குப் போகும் பலர் அதைக் கடந்துதான் நடக்கிறார்கள். அதில் உள்ள எழுத்துகள் பல்லவ எழுத்தை ஒத்தவை, மொழி சமஸ்கிருதம், வயது சுமார் 1,500 ஆண்டுகள். 19-ஆம் நூற்றாண்டில் அதை உலகுக்குச் சொன்ன ஜேம்ஸ் லோ, கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி. அப்போது இந்தப் பகுதி கம்பெனியின் கையில் இருந்தது. அது எப்படி அவர்கள் கைக்குப் போனது?

1786: நிறைவேறாத வாக்கு

இங்கே ஹேஸ்டிங்ஸ் மாதிரி ஒரு பெரிய போர் நடக்கவில்லை. ஆனால் கதையின் தொடக்கம் அதேதான்: ஒரு வாக்குறுதி.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கெடாவுக்கு வடக்கே சயாம் பெரிய அச்சுறுத்தல். கெடா சுல்தான் அப்துல்லாவுக்குத் துணைக்கு ஒரு படை தேவைப்பட்டது. கம்பெனிக்கு, சீனாவுக்குப் போகும் கடல்வழியில் ஒரு துறைமுகம் தேவைப்பட்டது. நடுவில் நின்று பேசியவர் வணிகர் பிரான்சிஸ் லைட். சுல்தான் புரிந்துகொண்டது இதுதான்: தீவைக் கொடுத்தால் படை உதவி கிடைக்கும்.

1786 ஆகஸ்ட் 11-ஆம் தேதி லைட் பினாங்கில் கொடியேற்றினார். ஆனால் கல்கத்தாவில் இருந்த கம்பெனி, படை உதவிக்கு ஒப்புக்கொள்ளவே இல்லை. தீவு போனது, உதவி வரவில்லை.

கோபமடைந்த சுல்தான், தீவை மீட்கப் பிறை நதிப் பக்கம் ஆட்களையும் படகுகளையும் திரட்டினார். 1791 ஏப்ரலில் லைட் முந்திக்கொண்டு தாக்கினார். சுல்தானின் படை சிதறியது. அடுத்த மாதமே ஒப்பந்தம்: தீவு கம்பெனிக்கு, ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் சுல்தானுக்கு.

1800: கடலிலிருந்து 60 ஓர்லோங்

தீவு மட்டும் போதவில்லை. அரிசி கெடாவிலிருந்துதான் வர வேண்டும். கெடா கதவை மூடினால் ஜார்ஜ்டவுன் பட்டினி கிடக்கும். துறைமுகத்துக்கு எதிர்க்கரை வேறொருவர் கையில் இருந்தால் பாதுகாப்பும் இல்லை.

ஆகவே 1800-ல் ஜார்ஜ் லீத், சுல்தான் சியாவுத்தீனுடன் புதிய ஒப்பந்தம் செய்தார். வடக்கே மூடா ஆற்றிலிருந்து தெற்கே கிரியான் ஆறு வரை உள்ள கடற்கரை, கடலிலிருந்து உள்ளே 60 ஓர்லோங் தூரத்துக்கு, கம்பெனிக்குப் போனது. சுல்தானுக்கான தொகை ஆண்டுக்கு 10,000 டாலராக உயர்ந்தது. இந்தியாவில் கவர்னர் ஜெனரலாக இருந்த வெல்லெஸ்லியின் பெயரை அந்த நிலத்துக்கு வைத்தார்கள். மலாயில் மக்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது: செபராங் பிறை. செபராங் என்றால் அக்கரை.

ஓர்லோங் என்பது ஆங்கிலேயர் வாயில் மாறிப்போன ரெலோங். கெடாவில் நெல் வயலை இன்றும் ரெலோங் கணக்கில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அன்றைய நீளக் கணக்கில் 60 ஓர்லோங் என்பது சுமார் நாலரை கிலோமீட்டர்தான். புக்கிட் மெர்தாஜாம் கடலிலிருந்து அதைவிட உள்ளே இருக்கிறது. அதாவது, அந்த முதல் கோட்டின்படி பார்த்தால் இந்த ஊர் கெடாவின் பக்கம். எல்லை பிறகுதான் கிழக்கே நகர்ந்தது. 1831-லும் 1869-லும் சயாமுடன் நடந்த பேச்சுகளில் அது வரையறுக்கப்பட்டது. கெடாவின் எல்லையை முடிவு செய்யும் மேசையில் சயாம் எப்படி வந்து உட்கார்ந்தது?

சுல்தான் எதற்குப் பயந்தாரோ அதுவே நடந்ததால்தான். 1821-ல் சயாம் படை கெடாவுக்குள் புகுந்தது. சுல்தான் அகமது தாஜுதீன் பினாங்குக்குத் தப்பி வந்தார். ஆயிரக்கணக்கான கெடா மக்கள் எல்லை தாண்டிச் செபராங் பிறையில் குடியேறினார்கள். காடு வெட்டி வயலாக்கினார்கள். 1826-ல் கம்பெனி சயாமுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் கெடாமீது சயாமின் பிடியை ஒப்புக்கொண்டது. தீவைக் கொடுத்து சுல்தான் வாங்க நினைத்த பாதுகாப்பின் கதி இதுதான். சுல்தான் தம் நாட்டுக்குத் திரும்ப 1842 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கொடி மாறியது சரி, வேறென்ன மாறியது?

ஆட்சி மாற்றத்தைக் கொடியை வைத்து அளந்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். இரண்டு கேள்வி கேளுங்கள். நிலம் யார் பெயரில் எழுதப்பட்டது? வழக்கு எந்த மொழியில் நடந்தது?

பழைய மலாய் வழக்கத்தில் நிலம் இரண்டு வகை. காடாகக் கிடப்பது "செத்த நிலம்". வெட்டித் திருத்தி ஒருவர் பயிர் செய்தால் அது "உயிருள்ள நிலம்". உழைப்பு இருக்கும் வரை உரிமை இருக்கும். தென்னையும் வரப்பும்தான் சாட்சி.

கம்பெனியின் முறை வேறு. சாட்சி காகிதம். அளந்து, எண் போட்டு, பெயர் எழுதி, முத்திரை வைத்த காகிதம். 1807-ல் லண்டன் வழங்கிய நீதிச் சாசனத்தின்படி மறு ஆண்டு பினாங்கில் நீதிமன்றம் திறக்கப்பட்டது. அதுவரை சிறு வழக்குகளை அந்தந்தச் சமூகத்தின் கப்பித்தான்களே தீர்த்து வைத்தார்கள். இனி அடிப்படைச் சட்டம் இங்கிலாந்துச் சட்டம். மதம், குடும்ப வழக்கங்களுக்கு ஓரளவு இடம் உண்டு. நிலத்துக்கும் பணத்துக்கும் ஆங்கிலக் காகிதம்தான் பேசும்.

அந்த இங்கிலாந்துச் சட்டத்தை உருவாக்கியவர்கள் யார்? நார்மன்கள். இங்கேதான் 1066-ம் 1800-ம் கைகோக்கின்றன.

உங்கள் வாயில் இருக்கும் நார்மண்டி

நார்மன்கள் பேசியது ஒருவகைப் பிரெஞ்சு. அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் அதுதான். வயலில் நின்றவர்கள் பழைய ஆங்கிலம் பேசினார்கள். அதனால்தான் ஆங்கிலத்தில் மாடு உயிரோடு இருக்கும்போது சாக்சன் சொல்லான "கவ்", தட்டில் வந்தால் பிரெஞ்சு வழி வந்த "பீஃப்". ஆடு "ஷீப்", கறி "மட்டன்". கோர்ட், ஜட்ஜ், ஜூரி, பார்லிமென்ட், டாக்ஸ், ரென்ட் எல்லாமே பிரெஞ்சு வழி வந்தவை. உழைக்கிறவர் மொழி ஒன்று, உத்தரவு போடுகிறவர் மொழி இன்னொன்று.

அதே சட்டச் சொற்கள் கப்பலேறி இங்கே வந்தன. பழைய பிரெஞ்சில் ஒப்புதல் அளிப்பதைக் குறித்த சொல் ஆங்கிலத்தில் "கிராண்ட்" ஆனது, மலாயில் "கெரான்" ஆனது. நீதிமன்றத்துக்கு அழைப்பதைக் குறித்த சொல் "சம்மன்ஸ்" ஆகி, இங்கே "சாமான்" ஆனது. லைசன்ஸ் "லெசென்" ஆனது. வீடு வாங்கப் போனால் "ப்ரீஹோல்டா, லீஸ்ஹோல்டா?" என்று முதலில் கேட்கிறோமே, அதுவும் வில்லியம் விட்டுப்போன கேள்விதான். நிலத்தை யாரிடமிருந்து, எத்தனை காலத்துக்கு வைத்திருக்கிறாய் என்று அர்த்தம்.

இதோடு இன்னொரு பட்டியலையும் வைத்துப் பாருங்கள். மலாயில் உள்ள "கெடாய்" நம்ம கடை. "காப்பால்" நம்ம கப்பல். "பெத்தி" நம்ம பெட்டி. இவை வணிகத்தோடு வந்த சொற்கள். தமிழர்கள் இங்கே சந்தையில் சொற்களை விட்டுச் சென்றார்கள், ஆங்கிலேயர்கள் நீதிமன்றத்தில் விட்டுச் சென்றார்கள். யார் எந்த வேலையாக வந்தார்கள் என்பதற்கு அகராதியே சாட்சி.

ஊர்ப் பெயர்களும் அப்படித்தான். மாகாணத்துக்கு வெல்லெஸ்லி, துறைமுக ஊருக்கு ஆளுநர் பட்டர்வொர்த் பெயர். உள்ளே வந்தால் பெயர்கள் மாறவில்லை. மெர்தாஜாம் ஒரு மரம். அந்த மரம் நின்ற குன்று புக்கிட் மெர்தாஜாம்.

அந்நிய மொழி எத்தனை காலம் நீதிமன்றத்தில் உட்காரும்? இங்கிலாந்தில் வாதங்கள் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்று சட்டம் வந்தது 1362-ல். படையெடுப்பு முடிந்து 296 ஆண்டுகளுக்குப் பிறகு. மலேசிய நீதிமன்றங்களில் மலாய் முதன்மை இடத்துக்கு வந்த சட்டத் திருத்தம் 1990-ல். மெர்டேக்கா கிடைத்து 33 ஆண்டுகளுக்குப் பிறகு.

நிலப் பதிவு இன்னும் சுவாரசியம். பினாங்கும் மலாக்காவும் 1965 வரை இங்கிலாந்து பாணிப் பத்திர முறையில்தான் ஓடின. தேசிய நிலச் சட்டத் தொகுப்பு 1966-ல் நடைமுறைக்கு வந்த பிறகுதான் மற்ற மாநிலங்களோடு ஒரே முறைக்கு வந்தன. கொடி 1957-ல் இறங்கியது. பதிவேடு மாற அதற்கு மேல் எட்டு ஆண்டுக்கும் அதிகமாக ஆனது.

இதில் நம்ம ஆட்கள் எங்கே?

லைட் வருவதற்கு முன்பே கெடாவில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் இருந்தார்கள். சூலியாக்கள் என்று அழைக்கப்பட்டார்கள். ஆனால் இந்தப் பக்கம் தமிழர்கள் பெருமளவில் வந்தது, செபராங் பிறையில் கரும்புத் தோட்டங்கள் பெருகிய 19-ஆம் நூற்றாண்டில். நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கில் இறங்கினார்கள். முதலில் ஒப்பந்தக் கூலிகளாக, பிறகு கங்காணி முறையில். கரும்பு போய் ரப்பர் வந்தது. தோட்டம், லயத்து வீடு, கோயில், தமிழ்ப்பள்ளி என்று ஓர் உலகமே உருவானது.

பழைய மலாய் வழக்கப்படி பார்த்தால், காடு வெட்டிப் பயிரிட்டவருக்கு அந்த நிலத்தில் உரிமை பிறந்திருக்கும். ஆனால் இவர்கள் வந்து சேர்ந்தது காகிதம் ஆளத் தொடங்கிய பிறகு. காகிதத்தில் இருந்தது கம்பெனியின் பெயர், துரையின் பெயர். மூன்று தலைமுறை ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்தாலும் பெயர் ஏறவில்லை. தோட்டம் விற்கப்பட்டபோது, வீடும் கூடவே போனது.

தீவுப் பக்கம் குளுகோரில் இருந்த கம்போங் புவா பாலாவை நினைத்துப் பாருங்கள். மாடு வளர்த்த தமிழ்க் குடும்பங்களின் கிராமம். முன்னோர் ஒரு ஆங்கிலேயத் தோட்டக்காரக் குடும்பத்திடம் வேலை செய்தவர்கள் என்றும், அந்த நிலம் தங்களுக்காக விட்டுச் செல்லப்பட்டது என்றும் மக்கள் வாதிட்டார்கள். வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. மக்கள் தோற்றார்கள். 2009-ல் வீடுகள் இடிக்கப்பட்டன. அவர்களிடம் தலைமுறைகளின் நினைவு இருந்தது. எதிர்த்தரப்பிடம் காகிதம் இருந்தது.

சரி, இன்று இது ஏன் பேசப்படுகிறது?

1800 ஒப்பந்தம் இன்னும் சாகவில்லை. சுல்தானுக்கு ஒப்புக்கொண்ட ஆண்டுத் தொகை கம்பெனிக்குப் பிறகு பிரிட்டிஷ் அரசுக்கும், மெர்டேக்காவுக்குப் பிறகு நம் மத்திய அரசாங்கத்துக்கும் கடமையாக வந்தது. நீண்ட காலம் ஆண்டுக்கு 10,000 ரிங்கிட்டாக இருந்த தொகை, சில ஆண்டுகளுக்கு முன்பு 1 கோடி ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது.

அண்மை ஆண்டுகளில் கெடா அரசியல் தலைமை, "பினாங்கு கெடாவின் நிலம், குத்தகைக்குத்தான் கொடுக்கப்பட்டது" என்று மறுபடியும் குரல் எழுப்பியது. அவர்கள் வாதத்துக்கு ஓர் அடிப்படை உண்டு: ஆங்கிலேயர் இந்த நிலத்தை வைத்திருக்கும் வரை பணம் தரப்படும் என்றுதான் 1800 ஒப்பந்தம் பேசுகிறது. ஆங்கிலேயர்தான் போய்விட்டார்களே! மறுதரப்பு வாதம் அதைவிட நேரடியானது: கூட்டரசு அரசியலமைப்பின் முதல் பிரிவிலேயே பினாங்கு தனி மாநிலம் என்று எழுதியிருக்கிறது. 1957 கூட்டமைப்பு ஒப்பந்தத்தில் கெடாவும் கையெழுத்திட்டது.

கவனித்தீர்களா? இரண்டு தரப்பும் படையைப் பற்றிப் பேசவில்லை. காகிதத்தைப் பற்றித்தான் பேசுகின்றன. எட்வர்ட் வாக்குக் கொடுத்தாரா என்ற சண்டை போர்க்களத்தில் முடிந்தது. லைட் வாக்குக் கொடுத்தாரா என்ற சண்டை இன்னும் அறிக்கைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதனால் இதை வெறும் தேர்வுக்கான பாடமாக விட்டுவிடாதீர்கள். உங்கள் வீட்டு கிராண்ட் யார் பெயரில் இருக்கிறது? தாத்தா இறந்த பிறகு பெயர் மாற்றியாகிவிட்டதா? ப்ரீஹோல்டா, லீஸ்ஹோல்டா, லீஸ் என்றால் எந்த ஆண்டு முடிகிறது? ஊர்க் கோயில் நிற்கும் நிலத்துக்குக் காகிதம் இருக்கிறதா? அடுத்த முறை வீட்டில் எல்லாரும் ஒன்றாக இருக்கும்போது கேட்டுப் பாருங்கள். மலாயும் ஆங்கிலமும் படித்த நீங்கள்தான் அந்தக் காகிதத்தைப் பெரியவர்களுக்குப் படித்துச் சொல்லக்கூடியவர்கள்.